இருபத்திரண்டு கேசட்டுகளும் அப்பா போட்ட முடிச்சும்

என் அண்ணன் ஒரு மடையன். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் போகப் போக நீங்கள் அவனைப் பெரிய தியாகி என்று நினைத்து உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். வேண்டாம். நான் வருஷக்கணக்காக உச்சுக்கொட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் இருபத்திரண்டு வீடியோ கேம் கேசட்டுகள். உள்ளங்கை அகலத்தில், சாம்பல் நிற பிளாஸ்டிக். ஒன்றுகூட ஓடாது. வீடு மாறும்போதெல்லாம் "இந்தக் குப்பை எதுக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் அவர்மீது எரிந்து விழுந்துவிட்டு, டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போவேன்.

அவை இத்தாலியிலிருந்து வந்தவை. தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் வேலை பார்த்தான். புது மாதிரி ஷூ செய்யச் சொல்லிக்கொடுக்க ஓர் இத்தாலிக்காரர் வந்து, கம்பெனி கெஸ்ட் ஹவுசில் ஒன்றரை வருஷம் தங்கினார். அவருக்கு ஆங்கிலம் அரைகுறை, அண்ணனுக்கு அதைவிட அரைகுறை. அதனாலேயே இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ஷிப்ட் முடிந்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் டிவியில் கேம் பெட்டியை மாட்டுவார். கார் ஓட்டுவார்கள், பந்து உதைப்பார்கள், விமானங்களைச் சுட்டுத் தள்ளுவார்கள். தன் மகனுக்காக வாங்கிய பெட்டியாம் அது. மகன் தாயோடு வேறு ஊருக்குப் போய்விட்டான், விளையாட்டுகள் தகப்பனிடம் தங்கிவிட்டன.

ஊருக்குத் திரும்பும்போது எல்லாவற்றையும் அண்ணனிடமே கொடுத்துவிட்டார். கேம் பெட்டி, இருபத்திரண்டு கேசட்டுகள், ஒவ்வொன்றுக்கும் உரிய அட்டை டப்பா, அதோடு வந்த சின்னச் சின்னப் புத்தகங்கள். ஒரு வரிசையில் ஒன்றுகூடக் குறையாத முழுத் தொகுப்பு என்று விரல் விட்டுக் காட்டினாராம். "டுகெதர், டுகெதர்" என்று இரண்டு கைகளையும் கோத்துக் காட்டினாராம். பிரித்தால் ஒன்றுமில்லை என்று வாயால் ஊதிக் காட்டினாராம். அண்ணனுக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது.

தெருவில் அத்தனை பேரும் ஒரு கேசட்டாவது இரவல் கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் தரவில்லை. பஜாரில் மணிக்கணக்கில் கேம் ஆடவிட்ட கடைக்காரர் ஒருவர், மூன்றை மட்டும் நல்ல விலைக்குக் கேட்டு வீடு வரைக்கும் வந்தார்.

"செட்டு ஒடைக்க மாட்டேன் பாய்" என்றான் அண்ணன்.

"இன்னாப்பா பெரிய செட்டு? இன்னும் நாலு வருஷம் போனா இத ஒரு பய சீண்ட மாட்டான். அப்பறம் நீயே வந்து பாய் எடுத்துக்கோன்னு நிப்ப."

அண்ணன் சிரித்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான். அந்த மனுஷன் சொன்னது பாதி தப்பு. பத்து வருஷம் கழித்து அதைச் சீண்ட ஆள் வந்தார். மீதிப் பாதி சரியாகத்தான் போனது.

அண்ணனுக்கு ஷூவில் மனசே இல்லை. சாம்பிள் செக்‌ஷனைச் சுருக்கியபோது அவனைப் பசை போடும் லைனுக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு வருவான், சட்டையெல்லாம் சொல்யூஷன் வாசனை. சாப்பாடு முன்னால் வைத்தால் வாசனையே தெரியவில்லை என்பான். அவன் கண்ணில் உயிர் தெரிந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: கேம் பெட்டிகளைப் பழுது பார்க்கும்போது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆம்பூரில் கெட்டுப்போன பெட்டி எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். பஜாரில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை, காலையில் அந்த பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது. அவன் கேட்டது அவ்வளவுதான். அந்தக் கடைக்குப் போட முதலீடு, இத்தாலிக்காரர் கொடுத்த தொகுப்பு. ஆட ஆடத் தேய்ந்துவிடும் என்று அதைத் தொடுவதையே நிறுத்திவிட்டான்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா தோல் கம்பெனியில் செலக்டர். பதப்படுத்தி முடித்த தோலை மேஜைமேல் விரித்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலால் தடவி, இது முதல் ரகம், இது மூன்றாவது, இது கழிவு என்று பிரிப்பவர். மாட்டை உண்ணி கடித்த இடம், முள் கிழித்த இடம், எதுவும் அவர் கையிலிருந்து தப்பாது. ஒரே ரகத் தோல்களைச் சேர்த்துக் கட்டு கட்டி, தன் முடிச்சைப் போட்டு, நீல மையில் ஒரு குறி வைப்பார். அப்படிக் கட்டிய கட்டை, வாங்குபவர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். இடையில் யாராவது பிரித்துப் பார்த்தால், உன் கண் சரியில்லை என்று செலக்டர் முகத்துக்கு நேரே சொன்னதற்குச் சமம். அப்படி ஒரு தடவை பிரித்துப் பார்த்த கூட்டாளியோடு அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. ஒரே சர்ச்சில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு.

அண்ணனோடும் அவர் அதிகம் பேசியதில்லை. தன் மேஜைக்குப் பக்கத்தில் மகன் வந்து நிற்பான் என்று எதிர்பார்த்தார், அவன் நிற்கவில்லை. அவனுடைய ஒயரும் ஸ்க்ரூவும் அவருக்குக் கண்றாவி. ஆனால் ஒருநாள் அண்ணன் அம்மாவிடம் இந்தத் தொகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார்.

"அப்ப இது கட்டு மாதிரி. ஒண்ணா இருந்தா ஒரு வெலை, பிரிச்சா ஒரு வெலை. அதத்தான சொல்ற?"

"ஆமாப்பா."

"அத ஏண்டா அட்டப் பொட்டியில போட்டு வச்சிகீற? பூச்சி அரிச்சிட்டா?"

அவன் வாழ்க்கையில் ஒன்று அப்பாவுக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து தோல் கொண்டுவந்தார். தொழிலாளிகளுக்குச் சல்லிசாகக் கொடுத்த லாட்டிலிருந்து தானே பொறுக்கியது. திராட்சை நிறம், கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம் போல மெத்தென்று இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்து தைத்தார். இருபத்திரண்டு அறைகள். ஒவ்வொரு கேசட்டையும் வைத்துப் பார்த்து, அளவெடுத்து, வாய் இறுகப் பிடிக்கிற மாதிரி. டப்பாக்களை மடித்து வைக்க மேலே தனி உறை. அடியில் கேம் பெட்டிக்கு ஓர் அறை. மெழுகு நூலால் கட்டி, தன் முடிச்சைப் போட்டு, நீல மையில் குறியும் வைத்தார்.

"வாங்குறவன் முன்னாடிதான் இத அவுக்கணும். அது வரைக்கும் ஒருத்தன் கை படக்கூடாது, இன்னா?"

அண்ணன் தலையாட்டினான். அவன் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பையைக் கையில் வாங்கத் தெரியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான்.

பை ஆறு வருஷம் பரண்மேல் இருந்தது. மழைக்காலத்தில் ஏணி போட்டு ஏறி, கரையான் இருக்கிறதா என்று வெளியே மட்டும் பார்ப்பான், துணியால் துடைப்பான். நான் அப்போது வேலூரில் நர்ஸ் படிப்பில் இருந்தேன். லீவில் வந்தபோது ஒரு தடவை சொன்னேன், "ஒரு தடவ அவுத்துப் பாரேண்ணா, உள்ள எப்டி இருக்குதுன்னு." அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்பா முடிச்சும்மா அது" என்றான்.

அதற்குள் பஜாரில் பிரவுசிங் சென்டர் வந்துவிட்டது. இந்த மாதிரிப் பழைய கேம்களைத் தேடித் தேடி வாங்குகிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அங்கேதான் அண்ணன் கண்டுபிடித்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவருக்குப் பட்டியலை அனுப்பினான். இந்தத் தொகுப்பு முழுசாகக் கிடைப்பதே அபூர்வம், எல்லாம் ஓடுகிற நிலையில் இருந்தால் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் பதில் போட்டார். அவர் சொன்ன விலைக்குக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து, சாமான் வாங்கிப் போட்டு, மேலே மிச்சமும் இருக்கும். அண்ணன் பஜாரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்தைப் பேசி வைத்தான். சூப்பர்வைசரிடம் போய், இந்த மாசத்தோடு நின்றுகொள்கிறேன் என்றும் சொல்லிவிட்டான். சும்மா சொல்லவில்லை, அத்தனை வருஷத்துக் கடுப்பையும் சேர்த்து லைன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னான். மடையன் என்றேனே.

அந்த ஆள் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, வாலாஜாபேட்டையில் எங்கள் அத்தை மகளுக்கு நிச்சயம். அப்பாவால் தட்ட முடியவில்லை. வாசல் வரைக்கும் போனவர் மூன்று தடவை திரும்பி வந்தார்.

"நூல வெட்டிக் கிட்டிப் போட்றாதே. இடது பக்கம் இழுத்தா தானா வரும். அவன் கண்ணு முன்னாடி அவுரு. தோல தடவிப் பாக்கச் சொல்லு."

அப்பாவும் அம்மாவும் போய் ஒரு மணி நேரத்தில், லீவில் வந்திருந்த நானும் அண்ணனும் மட்டும் வீட்டில் இருந்தபோது, அந்த பெங்களூர்ப் பையன் வந்தான். என் வயதுதான் இருக்கும், மரியாதையானவன், அண்ணனை சார் சார் என்றான். பையைப் பார்த்ததும் "யார் சார் செஞ்சது?" என்று கேட்டான். அண்ணன் இடது பக்கம் இழுத்தான். முடிச்சு தானாக வந்தது.

முதலில் வாசனை வந்தது, புளித்த வாசனை. பிறகு அண்ணன் முதல் கேசட்டை உருவினான். கேம் பெட்டிக்குள் செருகுகிற பக்கம் செம்புப் பட்டைகள் வரிசையாக இருக்கும், சீப்புப் பல் மாதிரி. அங்கே பட்டையே தெரியவில்லை. பச்சை பச்சையாக மாவு பூத்திருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஸ்க்ரூக்கள் துருவேறி, ஒட்டியிருந்த படங்களில் பழுப்புத் திட்டு. அட்டை டப்பாக்கள் கறை பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அண்ணன் இருபத்திரண்டையும் எடுத்துப் பாய்மேல் வரிசையாக வைத்தான். கோணலாக இருந்த ஒன்றைத் திருப்பி நேராக்கினான், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான், ரப்பர் வைத்துத் தேய்த்தான். தேய்த்தால் செம்பே உரிந்து வந்தது. பைக்குள் இருந்த கேம் பெட்டியும் செத்திருந்ததால், தன்னுடைய வேறு ஒரு கேம் பெட்டியில் செருகிப் பார்த்தான். இருபத்திரண்டில் ஒன்றே ஒன்று கொஞ்சம் படம் காட்டி, கோடு கோடாக ஓடி, அணைந்துபோனது. அந்தப் பையன் பாவம், பாய் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"இது டேமேஜ் இல்லாம இருந்திருந்தா, சார்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். பிறகு, "மொத்தமா இருந்தாதான் சார் வேல்யூ. ஒண்ணு ரெண்ட ரெடி பண்ணாக்கூட..." என்றான். அதை அண்ணனுக்கா சொல்ல வேண்டும்?

அண்ணன் பையின் உள்பக்கத்திலிருந்து ஓரமாகக் கொஞ்சம் தோலைப் பிய்த்து நாக்கில் வைத்தான். எங்கள் பக்கத்தில் தோல்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"புளிக்குது" என்றான் என்னிடம். "கழுவாத தோலு."

எனக்கும் புரிந்துவிட்டது. தோல் பதப்படுத்தும்போது ஏறுகிற ஆசிட்டைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி எடுக்க வேண்டும். அந்த வருஷங்களில் தண்ணீருக்கு எங்கள் பக்கம் ஏகப்பட்ட கெடுபிடி. அப்பா வேலை பார்த்த இடத்தில் அரைகுறையாகக் கழுவி அனுப்பிய லாட்டுகள் உண்டு. அந்தத் தோலில் ஷூ தைத்தால் பித்தளை பக்கிள் பச்சை பிடிக்கும், சரக்கு திரும்பி வரும். அண்ணன் கம்பெனியில் அது எல்லாருக்கும் தெரியும். தொழிலாளிகளுக்கு அந்த லாட் ஏன் சல்லிசாகக் கிடைத்தது என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவுக்குத் தோலின் முகம் தெரியும், ஓட்டை தெரியும், தழும்பு தெரியும். உள்ளே இருக்கும் புளிப்பு கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாது. தான் பொறுக்கிய தோலை அவர் எதற்கு நாக்கில் வைக்கப் போகிறார்?

கிளம்பும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கி, "பை ரொம்ப அழகா இருக்கு சார். இத மட்டும் நான் வாங்கிக்கட்டுமா?" என்றான்.

அண்ணன் பையை மூடி அவன் பக்கம் நகர்த்தினான். "எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம்" என்றான். செத்துப்போன அந்த கேம் பெட்டியையும் கேட்டால் கொடுத்திருப்பான். அந்தப் பையன் எவ்வளவோ வற்புறுத்தியும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பையன் தெரு தாண்டியதும் அண்ணன் என்னிடம் திரும்பினான்.

"அப்பா கேட்டா வித்தாச்சுன்னு சொல்லு. எல்லாத்தையும் பையோட வாங்கிட்டுப் போய்ட்டான்னு சொல்லு. இத எங்கயாவது கொண்டு போய்ப் போடு."

கேசட்டுகளை வாரி என் ஹாஸ்டல் பெட்டியில் துணிக்கடியில் போட்டேன். கேம் பெட்டி அண்ணனின் ரிப்பேர் சாமானோடு சேர்ந்துகொண்டது, டப்பாக்கள் குப்பைக்குப் போயின.

சாயங்காலம் அப்பா ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார், "முடிச்சு சுளுவா அவுந்துச்சா?"

"அவுந்துச்சுப்பா" என்றான் அண்ணன்.

"தோலப் பாத்து இன்னா சொன்னான்?"

"ரொம்ப அழகா கீதுன்னு சொன்னான்."

அது பொய் இல்லை. அப்பா சிரித்தார். அம்மாவிடம், எங்களிடம், பக்கத்து வீட்டில், மறுநாள் சர்ச் வாசலில் என்று போகிற இடமெல்லாம் சொன்னார்: ஆறு வருஷம் பரண்ல கெடந்தும் பொட்டு சேதாரம் இல்ல, ஏன்னா உறை அப்படி. அண்ணன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். அந்த ஒரு மாசம்தான் அவர்கள் இரண்டு பேரும் தகப்பனும் மகனுமாக இருந்தார்கள்.

அப்புறம் அப்பா கடையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். இடம் சரியில்லை என்றான். பேங்க்கில் இருக்கிறது, பார்க்கலாம் என்றான். அதற்குள் சூப்பர்வைசர் முன்னால் போய்க் கைகட்டி நின்று வேலையைத் திரும்ப வாங்கியிருந்தான். அவர்கள் விடுவார்களா, லைனிலேயே பசை நெடி ஜாஸ்தியாக அடிக்கிற மூலையில் போட்டார்கள். ஒரு வருஷம் போனது. அப்பா ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டார். பணத்தை ஒரு தோஸ்த்துக்குக் கொடுத்தேன், ஏமாற்றிவிட்டான் என்றான் அண்ணன். எந்த தோஸ்த் என்று கேட்டதற்கு மென்று முழுங்கினான். பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டாமா?

அப்பா கத்தவில்லை. "குடிச்சியா, சீட்டாடினியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு அவர் அவனோடு பேசவில்லை. முடிச்சைப் பிரித்த கூட்டாளியோடு ஒரு வருஷம் பேசாதவர், மகனோடு கடைசி வரைக்கும் பேசவில்லை. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அண்ணனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டிலும் அந்தக் கதை போய்ச் சேர்ந்தது, அவர்கள் விலகிக்கொண்டார்கள்.

ஆம்பூர் ஸ்டேஷனில் என்னை ரயில் ஏற்ற வந்தபோது, பிளாட்பாரத்திலேயே அவனைப் பிடித்து உலுக்கினேன். "நான் சொல்லப் போறேன். இன்னைக்கே போன்ல சொல்லப் போறேன். நீ யாருக்காக இப்டி அசிங்கப்படற?"

அவன் ரயில் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குன்னு அவரு கையால செஞ்சது அது ஒண்ணுதாம்மா. அதுவே நாசம் பண்ணிச்சுன்னு அவருக்குத் தெரியணுமா?"

நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு பல வருஷம் ஆகிறது. அவன் கேட்டுக்கொண்டதால் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு அந்த வீட்டில் நல்ல பிள்ளை என்று பெயர் இருந்தது, அப்பா என்னோடு பேசினார், நான் வந்தால் மட்டன் எடுத்தார். அதைக் கெடுத்துக்கொள்ளப் பயந்தேன். சொல்லியிருந்தால் அப்பா ஒரு மாசம் உடைந்து உட்கார்ந்திருப்பார், பிறகு எழுந்து மகனிடம் வந்திருப்பார் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். உறுதியாகத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

அப்பாவுக்கு நெஞ்சுச்சளி முற்றி மூச்சு முட்ட ஆரம்பித்தபோது, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். அண்ணன் தினமும் ஷிப்ட் முடிந்து பஸ் பிடித்து வேலூருக்கு வருவான். பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு, வார்டு கதவுக்கு வெளியே நிற்பான். அவன் உள்ளே வந்தால் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார் என்பதால் பிளாஸ்க்கை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியிலேயே நிற்பான். மேலெல்லாம் அந்த சொல்யூஷன் வாசனையோடு.

கடைசி வாரத்தில் ஒருநாள் அப்பாவுக்குத் தெளிவாக இருந்தது. தலையணையை உயர்த்தி உட்காரவைத்தேன்.

"அந்தப் பை அந்தப் பையன்கிட்ட இன்னும் கீதாமா?" என்றார்.

"இருக்குதுப்பா."

"நல்லா கீதா?"

"புதுசாட்டம் இருக்குதாம்."

அவர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இருக்கும். நான் பொறுக்கின தோலு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். "யாரோ ஒரு பையன், அவன் பத்தரமா வச்சிருக்கான் பாரு. உங்கண்ணன்தான் எதையும் வச்சிக்கத் தெரியாதவன்."

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றான். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். அவன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று ஒரு தடவை தலையசைத்தான்.

நான் போய் பிளாஸ்க்கை வாங்கி வந்து டம்ளரில் காபி ஊற்றினேன். அப்பா இரண்டு மடக்கு குடித்தார். சூடு சரியாக இருக்கிறது என்றார். யார் கொண்டுவந்தது என்று கேட்கவில்லை.